ராஜபார்ட் பதில்கள்

மதுரை வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக ராஜபார்ட், அதாவது நாடகத்தின் கதாநாயக வேஷம் கட்டுபவர். இசை நாடகம்தான் தொழில். இடையிடையே சினிமாவிலும் சீரியலிலும் தலைகாட்டுகிறார். இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, “நாடக நோட்டீசில் போதுமான அளவு பெரிசாகப் போட்டாச்சு, இங்கே வேண்டாம்” என்று சிரித்தார்.

*வாசகர், திருமங்கலம்: எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தேன். முருகனுக்கும் வள்ளிக்கும் அப்படி ஒரு பொருத்தம். எத்தனை நாள் ஒத்திகை பார்ப்பீர்கள்?*

ஒரு நாள்கூட இல்லை. அந்த இருவரும் அன்று ராத்திரிதான் முதல்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

நாங்கள் ஆடுவதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி, முதலாளி, நிரந்தரக் குழு எதுவும் கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டை, கதாநாயகி வேஷமான ஸ்திரீபார்ட் மதுரை, கோமாளியாக வரும் பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி என்று ஆளாளுக்குத் தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்குவார்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராகப் பெட்டியோடு வந்து இறங்குவோம். “வணக்கம்ணே, என்ன சுருதி?” “நாலு கட்டை.” “கிழவன் உண்டா, வேடனோட முடிச்சுக்கலாமா?” “கிழவனும் வேணும், யானையும் வரணுமாம். கமிட்டியில கேட்டாங்க.” அவ்வளவுதான் ஒத்திகை.

இது எப்படி நடக்கிறது என்றால், பாட்டும் கதை வரிசையும் எல்லோருக்கும் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த தடம். நடுவில் வருகிற வசனமும் தர்க்கமும் அவரவர் சொந்தச் சரக்கு. எதிரே நிற்கும் வள்ளி அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அதனால் மேடையில் என் வேலையில் பாதி வாயில் இல்லை, காதில் இருக்கிறது.

சிவகங்கைப் பக்கம் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வேடனாக நான் நுழைந்து பாடி முடித்துவிட்டேன். வள்ளி பதில் பாட வேண்டும். முதல் அடியைப் பாடியவர், இரண்டாம் அடியை வசனமாகச் சொன்னார். தொடர்ந்து ஏழெட்டு நாள் நாடகம் ஆடி அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்த ஆர்மோனியக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. வலது கை பாட்டுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்க, வள்ளி பாட வேண்டிய அடியைத் தானே எடுத்துப் பின்பாட்டாகப் பாடிவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகள் எல்லாம் “ஆம்”, “இல்லை”, “போங்கள் வேடரே” என்பதில் முடிகிற கேள்விகள். ஒரு மணி நேரத் தர்க்கத்தை அந்த மூன்று பதிலில் ஓட்டினோம். அந்தம்மா “போங்கள் வேடரே” என்பதையே பத்து விதமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். விடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, “இன்னிக்கு வள்ளி ரொம்ப வெட்கப்பட்டுச்சு, நல்லா இருந்துச்சு” என்றார்.

*இல்லத்தரசி, மானாமதுரை: விடிய விடிய எப்படித்தான் முழித்திருக்கிறீர்களோ?*

முழிப்பதில்லை அம்மா, தூங்குகிறோம். பத்து மணிக்கு பபூன் மேடையேறுவார். பிறகு டான்ஸ், அப்புறம் இருவரும் சேர்ந்த காமெடி. அதுவே நள்ளிரவைத் தாண்டும். பிறகு வள்ளி, ஆலோலம், நாரதர், நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். நல்ல நாரதர் கிடைத்துவிட்டால் அவர் லேசில் இறங்க மாட்டார். நான் வேடனாக நுழையும்போது பல ஊரில் மணி இரண்டைத் தாண்டியிருக்கும்.

அதுவரை மேடைக்குப் பின்னால், டிரங்குப் பெட்டிக்கும் சீன் படுதாவுக்கும் நடுவில் படுக்கை. முகத்தில் மேக்கப் இருப்பதால் ஒருக்களித்துப் படுக்க முடியாது. துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு மட்டும் கொடுத்து மல்லாந்து கிடப்போம். பக்கத்திலேயே ஸ்பீக்கர் அலறும், அது ஒன்றும் செய்யாது. ஆனால் நாரதர் விடைபெறும் பாட்டை ஆர்மோனியம் தொட்டதும் கண் தானாகத் திறந்துவிடும். என் மனைவி வீட்டில் எத்தனை அலாரம் வைத்தாலும் திறக்காத கண் அது.

மாசியில் ஆரம்பித்தால் பங்குனி, சித்திரை, வைகாசி வரை இப்படித்தான். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு முதல் பஸ். வீட்டில் குளியல், பழைய சோறு, மத்தியானம் வரை தூக்கம், மூன்று மணிக்கு அடுத்த ஊருக்கு பஸ்.

*வாசகர், தேனி: மேக்கப்பால் தோல் கெட்டுப்போகாதா?*

தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டுத்தான் தண்ணீரே படவேண்டும். இந்த ஒன்றைத் தவறாமல் செய்தால் போதும். அந்தக் காலத்து அரிதாரம் இப்போது இல்லை, எல்லாம் பான்கேக்தான்.

*கல்லூரி மாணவி, காரைக்குடி: உங்கள் நோட்டீசில் எல்லாம் ‘நாடகத் தந்தை’ என்று சங்கரதாஸ் சுவாமிகள் படம் இருக்கிறது. அவர் அப்படி என்ன செய்தார்?*

நல்ல கேள்வி. படத்துக்கு மாலை போடுகிற எங்களில் சிலரிடம் கேட்டாலே முழித்துவிடுவார்கள்.

1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தவர். முதலில் நடிகர்தான். எமன், இரணியன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்கள். அவருடைய சனீஸ்வரன் வேஷத்தை எதிர்பாராமல் பார்த்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அன்றோடு வேஷம் போடுவதை விட்டார் என்று எங்கள் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அப்புறம் ஆசிரியராகிவிட்டார். 1918-ல் மதுரையில் அவர் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான், பின்னால் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாகச் சேர்ந்தார்கள். அபிமன்யு நாடகத்தை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று அவர்களில் ஒருவரான டி.கே.சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

நாற்பதுக்கும் மேல் நாடகம் எழுதியவர். எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அவருக்கு முன்னால் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டு கிடந்தார்கள். அவர் பாட்டு, வசனம், வரிசை எல்லாவற்றையும் எழுதிக் கட்டிக் கொடுத்தார். சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளின் பையன்கள் அதை உருப்போட்டார்கள். பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பலருக்குக் கம்பெனியில் இடமில்லை. வெளியே வந்தவர்களுக்குக் கையில் இருந்த ஒரே சொத்து மனப்பாடமான அந்தப் பாடம். எந்தக் கம்பெனியில் இருந்து வந்தாலும் எல்லோருக்கும் ஒரே பாடம் என்பதால், முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே மேடையில் ஏற்றிவிட முடிந்தது. அதுதான் எங்கள் பிழைப்பு. இதில் வேடிக்கை, வாய்க்கு வந்தபடி பேசக்கூடாது என்று எழுதியவரின் பாடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மறுபடியும் வாய்க்கு வந்தபடிதான் பேசுகிறோம். பிரம்போடு வந்து நின்றாலும் நிற்பார்.

*ஐ.டி. ஊழியர், சென்னை: ஒரு சீரியலில் உங்களை அப்பா வேடத்தில் பார்த்தேன். மேடை, திரை எது சுலபம்?*

உடம்புக்குத் திரை சுலபம். மனசுக்கு மேடை சுலபம்.

முதல் ஷூட்டிங்கில் நான் வசனம் பேசி முடித்ததும் இயக்குநர் எழுந்து வந்து, “அண்ணே, மைக் உங்க சட்டைக்குள்ளேயே இருக்கு” என்றார். கடைசி வரிசையில் பாயில் படுத்திருப்பவரையும் எழுப்பிப் பழகிய குரல். மேடையில் புருவத்தைத் தூக்கினால் கோடிவரை தெரிய வேண்டும். குளோசப்பில் அதே புருவத்தைத் தூக்கினால் பேய் அறைந்தவன் மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் குறைக்கக் கற்றுக்கொண்டேன், அது பெரிய வித்தை இல்லை.

இன்னமும் ஒட்டாதது வேறு. மகள் வீட்டைவிட்டுப் போகிறாள், நான் உடைந்து அழ வேண்டும். மகளாக நடித்த பெண்ணுக்குக் கால்ஷீட் முடிந்து அவர் கிளம்பிவிட்டார். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு டேப்பை ஒட்டி, “இதான் பாப்பா, இதைப் பார்த்து அழுங்கண்ணே” என்றார்கள். மகளின் வசனத்தை ஒரு உதவி இயக்குநர் தாளைப் பார்த்து, ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல் வாசித்தார். மீசை வைத்த தம்பி. எதிரே ஒரு ஆள் இல்லாமல், கேட்பதற்கு ஒரு குரல் இல்லாமல் எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் சிவகங்கைப் பக்கம் தொண்டை கட்டிய அந்த வள்ளியை நினைத்துக்கொண்டு அழுதேன். டேக் ஓகே ஆகிவிட்டது.

இன்னொன்று. ஒரு படத்தில் நான் நடித்த பாத்திரத்துக்கு வேறு யாரோ டப்பிங் பேசியிருந்தார். தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். வாய் என்னுடையது, சத்தம் இன்னொருவருடையது. குரலை விற்றுச் சோறு தின்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பேரன் மட்டும், “தாத்தாவுக்கு ஜலதோஷமா?” என்று கேட்டான்.

பின்னே ஏன் போகிறீர்கள் என்பீர்கள். மார்கழியில் தேதி இருக்காது, அரிசி வாங்கியாக வேண்டும். அதோடு இரண்டு சீனில் தலை தெரிந்தால் நோட்டீசில் பெயருக்கு முன்னால் ‘சினிமா, டிவி புகழ்’ என்று ஏறிவிடும், சம்பளமும் கூட ஏறும். பணம் கொடுக்கும் முறையில் கிராமத்துக்கு ஈடில்லை. மங்களம் பாடுவதற்குள் சம்பளம் கைக்கு வந்துவிடும். ஒரு படத்தின் பேட்டா பாக்கியை நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். “படம் வியாபாரம் ஆகட்டும்ணே” என்கிறார்கள். ஆகட்டும்.

*ஓய்வுபெற்ற ஆசிரியர், வாடிப்பட்டி: நல்ல கட்டத்தில் ஒருவர் மேடையேறி ரூபாய் நோட்டைக் குத்திவிடுகிறார். உடனே நாடகத்தை நிறுத்திவிட்டு அவர் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சொல்லி நன்றி கூறுகிறீர்கள். ரசனை கெட்டுப்போகிறதே?*

கெடுகிறதுதான் ஐயா. அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பிள்ளைப் பிணத்துக்குக் கால்பணம் கேட்கும்போது, ஒருவர் வந்து ஐம்பது ரூபாயை நெஞ்சில் குத்தினால் சந்திரமதிக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் குத்தியவர் யார்? நாடகம் வைக்க வீட்டுக்கு வீடு வரி வசூலித்த ஊரில், வரியும் கொடுத்து, அதற்கு மேலும் ஆசைப்பட்டுக் கொடுக்கிறவர். அவர் பெயரை மைக்கில் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் எனக்கு அந்த ஊரில் தேதி கிடையாது. நான் கண்ட வழி, நன்றியைப் பாட்டின் கடைசி அடியோடு அதே ராகத்தில் பாடிவிடுவது. ஆர்மோனியக்காரரும் விடாமல் வாசிப்பார். சில பெயர்கள் தாளத்துக்குள் அடங்காது, இழுக்க வேண்டியிருக்கும்.

*வாசகர், மணப்பாறை: குரலைக் காப்பாற்ற என்ன சாப்பிடுவீர்கள்?*

மிளகு, பனங்கற்கண்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் வெந்நீரைத் தவிர எதையும் நம்புவதில்லை. நாடகத்துக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, அதுதான் முக்கியம். ஊர்க்காரர்கள் பாசத்தோடு கறிச்சோறு போடுவார்கள். அதை மறுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

மைக் இல்லாத காலத்தில் பாடியவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. செங்கோட்டை கிட்டப்பா ‘காயாத கானகத்தே’ என்று எடுத்தால் கொட்டகைக்கு வெளியேயும் கேட்குமாம். 1906-ல் பிறந்தவர், 1933-ல் போய்விட்டார், இருபத்தேழு வயது. இன்றைக்கும் வேடனாக அந்தப் பாட்டை எடுக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒரு கிழவர் நிமிர்ந்து உட்காருவார். இவன் எந்த இடத்தில் மூச்சு விடுகிறான் என்று எண்ணுகிற உட்காரல் அது.

*வாசகி, சிவகங்கை: நாடகத்தில் நடிக்கும் பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்கள் நிலைமை எப்படி?*

எங்களை விடக் கஷ்டம். அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

விடிந்ததும் நான் கழுவியும் கழுவாத முகத்தோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்கலாம், “நேத்து முருகன் நீங்கதானே” என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதே நேரத்தில் வள்ளியாக நடித்தவர் முக்காடு போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாத மூலையில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி கும்பிட்ட கூட்டம்தான் பகலில் வேறு மாதிரி பார்க்கும். வாடகைக்கு வீடு கேட்டால் தொழிலைச் சொன்னதும் “சொந்தக்காரங்க வர்றாங்க” என்று கதவு சாத்தப்படும். ராத்திரி போய்க் காலையில் வருகிற பெண் என்றால் தெருவுக்கு அவ்வளவு போதும். வேனில் போகும்போது பெண்களுக்கு முன் சீட்டு, நடுவில் பெட்டிகள், பின்னால் நாங்கள். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்போம். இரட்டை அர்த்த காமெடியில் பபூன் பேசிவிட்டுப் போய்விடுவார், அந்தப் பேச்சின் அழுக்கு டான்ஸ் ஆடுகிற பெண் மேல் தங்கிவிடும். கமிட்டியில் இளவட்டங்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது பபூன்களின் சமாதானம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

திறமையில் அவர்கள் யாருக்கும் குறைவில்லை. ராஜபார்ட்டே கட்டிய பெண்கள் எங்கள் மேடையில் உண்டு. கே.பி.சுந்தராம்பாள் 1935-ல் வந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார். தர்க்கத்தில் ஸ்திரீபார்ட்தான் எப்போதும் கூர்மை, ஏனென்றால் வள்ளி தோற்கிற மாதிரி பேசினால் நாடகம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆணா பெண்ணா உயர்வு என்று நாரதரை அவர்கள் மடக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

*மாணவர், மேலூர்: யூடியூபில் இப்போது முழு நாடகமும் வருகிறது. உங்களுக்கு லாபம்தானே?*

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்கள், சந்தோஷம். சிலர் அங்கிருந்தபடியே அடுத்த திருவிழாவுக்கு யாரைப் போடுவது என்று கமிட்டிக்குச் சொல்கிறார்கள்.

தொல்லை எங்கே என்றால் தர்க்கத்தில். ஒரு விடுகதையை வைத்து வைகாசி வரை ஓட்டிவிடலாம் என்று இருந்தோம். இப்போது திங்கட்கிழமை மேலூரில் கேட்ட கேள்விக்கு, புதன்கிழமை நத்தத்தில் முன்வரிசைப் பொடியன் விடையைக் கத்திவிடுகிறான். அதனால் பஸ்ஸில் தூங்குகிற நேரத்தில் திருப்புகழும் தனிப்பாடலும் புரட்டுகிறோம். இந்த வயதில் படிக்க வைத்த புண்ணியம் யூடியூபுக்குத்தான்.

*தந்தை, உசிலம்பட்டி: பிளஸ் டூ முடித்த என் மகன் நடிகனாக வேண்டும் என்கிறான். குரல் நன்றாக இருக்கிறது. சினிமாவில் நுழைய நாடகம் உதவும் என்கிறார்களே, அனுப்பலாமா?*

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் என்.எஸ்.கிருஷ்ணனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். அது உண்மை, ஆனால் அந்தப் பாலம் இப்போது இல்லை. சினிமாவுக்கு வழி என்று நினைத்து இங்கே வந்தால் இரண்டும் கிடைக்காது. டிகிரியில் சேரட்டும், அதில் எனக்குச் சமரசம் இல்லை. 2020-ல் பங்குனி, சித்திரை இரண்டும் ஊரடங்கில் போனபோது, கையில் வேறு தொழில் இருந்தவர்கள்தான் மானத்தோடு தாக்குப்பிடித்தார்கள். சிலர் கிரீடத்தையும் சரிகை உடுப்பையும் பாதி விலைக்குக் கொடுத்தார்கள்.

அப்படியும் ஆசை அடங்கவில்லை என்றால், நடிகரிடம் அனுப்பாதீர்கள், ஒரு ஆர்மோனியக்காரரிடம் அனுப்புங்கள். எல்லோர் பாடமும் அவருக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டு ஒரு சீசன் உட்காரட்டும். யார் எப்போது தடுமாறுகிறார்கள், யார் எப்படித் தூக்கிவிடுகிறார்கள் என்று அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். சித்திரையில் நான் உங்கள் பக்கம்தான் இருப்பேன். நோட்டீசைப் பார்த்து வரச் சொல்லுங்கள், மேடைக்குப் பின்னால் பாய் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வரட்டும், கமிட்டிச் சாப்பாடு எண்ணி வருகிறது.